சுண்டெலி ஐஎல்-10 குப்பி வந்துவிட்டதா? திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. பயந்துவிடாதீர்கள், ஏமாற்றவும் இல்லை. நீங்கள் வாங்கியிருப்பது 10 மைக்ரோகிராம் புரதம். சமையலறைப் பொடியுப்பில் ஒரே ஒரு துகளை எடுத்தால் அதுவே சுமார் 60 மைக்ரோகிராம் இருக்கும், அதில் ஆறில் ஒரு பங்குதான் இது. உறைநிலையில் உலர்த்தியதால் குப்பியின் அடியிலோ சுவரிலோ மூடியின் உள்பக்கத்திலோ மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும், சில சமயம் அதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் புரதத்தை வைத்துச் செய்யும் சோதனை சொதப்பும்போது நாம் செல்லைச் சந்தேகப்படுவோம், எலைசாவைச் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) சந்தேகப்படுவோம், ஆனால் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் தப்பு நடப்பது குப்பியைத் திறக்கும் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். அதனால் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்வோம். இன்டர்லூக்கின்-10, சுருக்கமாக ஐஎல்-10, நோயெதிர்ப்பு அமைப்பின் பிரேக். 1989-இல் ஃபியோரென்டினோ, பாண்ட், மோஸ்மன் மூவரும் சுண்டெலியின் டிஎச்2 செல்கள் சுரக்கும் ஏதோ ஒன்று டிஎச்1 செல்களின் (இரண்டும் உதவி டி-செல் வகைகள்) சைட்டோகைன் உற்பத்தியை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் புரதங்களின் உற்பத்தியை, அடக்குகிறது என்று கண்டார்கள். அப்போது அதற்கு வைத்த பெயரே 'சைட்டோகைன் உற்பத்தியைத் தடுக்கும் காரணி' என்பதுதான். 1993-இல் இந்த ஜீனை நீக்கிய சுண்டெலிகளுக்குக் குடலில் தீராத அழற்சி வந்ததைப் பார்த்தபோதுதான் இந்த பிரேக் எவ்வளவு முக்கியம் என்று எல்லாருக்கும் உறைத்தது. நம் வேலைக்குத் தெரிய வேண்டியது இவ்வளவு: முதிர்ந்த புரதத்தில் 160 அமினோ அமிலங்கள், ஒரு சங்கிலி சுமார் 18.7 கிலோடால்டன், ஆனால் ஒற்றைச் சங்கிலியாக வேலை செய்யாது. இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரட்டையாக இருக்க வேண்டும். அந்தப் பின்னலைப் பிடித்திருப்பது வலுவான கோவேலன்ட் பிணைப்பு இல்லை, அதைவிடப் பலவீனமான பிடிப்புதான். இதை நினைவில் வையுங்கள், கரைக்கும்போது தேவைப்படும்.

ஆர்டர் போடும்போதே கவனம்

நம் லேப்களில் பேச்சு வழக்கில் எல்லாமே எலிதான். மவுஸும் எலி, ராட்டும் எலி. ஒருமுறை அவசரத்தில் ஜூனியரிடம் "எலி ஐஎல்-10 தீர்ந்துபோச்சு, ஒண்ணு போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனேன். மூன்று வாரம் கழித்து ஜம்மென்று வந்து இறங்கியது ராட் ஐஎல்-10. அவர்மேல் தப்பே இல்லை, சொன்னவன் நான். அன்றிலிருந்து மவுஸுக்குச் சுண்டெலி என்றுதான் சொல்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இன்னொரு விஷயம், மனித ஐஎல்-10 சுண்டெலிச் செல்களில் வேலை செய்யும், ஆனால் சுண்டெலி ஐஎல்-10 மனிதச் செல்களில் வேலை செய்யாது. எனவே குப்பி வரத் தாமதமானால் பக்கத்து லேபில் இருக்கும் மனிதப் புரதத்தைக் கடன் வாங்கி சுண்டெலி மேக்ரோஃபேஜில் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) ஒரு முன்னோட்டம் பார்க்கலாம், தலைகீழாகச் செய்தால் ஒன்றும் வராது.

தகவல் தாளில் நான்கு இடங்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த உயிரியில் தயாரித்தது, துணைப்புரதம் (சுவரில் ஒட்டி வீணாகாமல் காக்கச் சேர்க்கும் வேறு புரதம்) சேர்த்திருக்கிறார்களா, எண்டோடாக்சின் எவ்வளவு, இடி50 என்ன. பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்ததாக இருக்கும். அதில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்காது. சுண்டெலியின் உடலில் சுரக்கும் ஐஎல்-10-இல் சர்க்கரை உண்டு என்றாலும், அது இல்லாமலேயே புரதம் வேலை செய்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது எண்டோடாக்சினைப் பற்றி. எண்டோடாக்சின் என்பது பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும், அழற்சியைத் தூண்டும் எல்பிஎஸ்தான்; அது நம் புரதத்தோடு சேர்ந்து வந்துவிடும், எவ்வளவு சுத்தம் செய்தாலும் துளி மிஞ்சும். மைக்ரோகிராமுக்கு 1 யூனிட்டுக்குக் கீழே என்று போட்டிருந்தால் சாதாரண வளர்ப்பு வேலைகளுக்குப் போதும், 0.1-க்குக் கீழே என்றால் இன்னும் நிம்மதி. சுண்டெலியின் உடலுக்குள் செலுத்தப் போகிறீர்கள் என்றால் இந்த எண்தான் முதல் கேள்வி. அதற்குத் துணைப்புரதம் சேர்க்காத குப்பியாகவும் பார்த்து வாங்குங்கள். (ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குப்பியில் எழுதியிருப்பது சும்மா இல்லை, மனிதர்களுக்கோ வீட்டுப் பிராணிகளுக்கோ மருந்தாகக் கொடுக்கும் தரம் இதற்குக் கிடையாது.)

இடி50 என்பது பாதி விளைவைத் தரும் அளவு. ஐஎல்-10-க்கு அதைப் பெரும்பாலும் எம்சி/9 என்ற சுண்டெலி மாஸ்ட் செல்களின் பெருக்கத்தை வைத்து அளப்பார்கள். மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் என்று போட்டிருந்தால், 10 லட்சத்தை 2-ஆல் வகுத்தால் மில்லிகிராமுக்கு 5 லட்சம் யூனிட். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் யூனிட்டில் எழுதியிருப்பார்கள், நம் குப்பியில் மைக்ரோகிராம் இருக்கும், இந்த ஒரு கணக்கு தெரிந்தால் ஓரளவுக்கு ஒப்பிடலாம். ஆனால் அந்த 2 நானோகிராமை அப்படியே எடுத்து உங்கள் மேக்ரோஃபேஜில் போட்டுவிடாதீர்கள், மாஸ்ட் செல் வேறு, மேக்ரோஃபேஜ் வேறு. உங்கள் செல்லுக்கு உங்கள் கையால் ஒரு டோஸ் வரிசை போட்டே ஆக வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம்

பெட்டி வந்ததும் பார்சலின் பனிக்கட்டிப் பை உருகியிருந்தால் பதற வேண்டாம், உலர்ந்த நிலையில் இந்தப் புரதம் அறை வெப்பத்தில் சில நாள் பயணத்தைத் தாங்கிவிடும். மைனஸ் 20-லோ மைனஸ் 80-லோ போட்டு வையுங்கள். கரைக்கப்போகும் அன்று வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியோடு அப்படியே வைத்திருங்கள். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படியும், சென்னை மாதிரி ஊரில் கேட்கவே வேண்டாம். அப்புறம் திறப்பதற்கு முன்னால் மைக்ரோஃப்யூஜில் அரை நிமிடம் சுற்றுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் படலமும் துகளும் கீழே இறங்கட்டும். இதைச் செய்யாமல் மூடியைத் திருகித் திறந்து மேசையில் வைப்பவர்கள், வாங்கிய புரதத்தில் பாதியை மேசையில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் கரைப்பது? தகவல் தாள் சொல்வதில். இது கேட்கவே அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான லேப்களில் சைட்டோகைன் என்றாலே ஒரே ஃபார்முலாதான் ஓடும். டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைனை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துப் பழகியவர் அதே பாட்டிலை எடுத்து ஐஎல்-10-லும் ஊற்றிவிடுவார். டிஜிஎஃப்-பீட்டாவுக்கு அமிலம் பிடிக்கும், ஐஎல்-10-க்குப் பிடிக்காது. மேலே சொன்னேனே, இரண்டு சங்கிலிகள் கோவேலன்ட் பிணைப்பு இல்லாமல் பின்னியிருக்கின்றன என்று, அமிலத்தில் அந்தப் பின்னல் பிரிந்துவிடும். ஐஎல்-10-க்குக் கிருமி நீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), பிஹெச் 7.2 முதல் 7.4 வரை, அதுதான் பொதுவாகப் பாதுகாப்பான தேர்வு. குப்பியில் துணைப்புரதம் இல்லையென்றால் பிபிஎஸ்-இல் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு இரத்தத்தின் அல்புமின் புரதம்) சேர்த்துக்கொள்ளுங்கள். புரதத்தை வேறெதனுடனாவது ஒட்டவைக்கப் போகிறீர்கள், ஃப்ளோரசன்ட் சாயமோ பயோட்டினோ, என்றால் மட்டும் பிஎஸ்ஏ கூடாது, ஏனென்றால் சாயம் முழுக்க பிஎஸ்ஏ-யில் போய் ஒட்டும்.

10 மைக்ரோகிராமுக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றினால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கிடைக்கும். இதற்கு மேல் நீர்க்க வைத்துச் சேமிக்காதீர்கள், நீர்க்க நீர்க்கப் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டி வீணாவது கூடும். ஊற்றும்போது நேராக அடியில் பீய்ச்சாமல், டிப்பைச் சுவரில் சாய்த்து, குப்பியை மெதுவாக உருட்டிக்கொண்டே சுற்றிலும் வழியவிடுங்கள். நெய்க் கிண்ணத்தில் கடைசியாக ஒட்டியிருப்பதைச் சுடுசோறு போட்டுப் பிசைந்து வழித்து எடுப்போமே, அதே கருத்துதான், சூடு மட்டும் வேண்டாம். பிறகு மூடி, அறை வெப்பத்தில் 10 முதல் 20 நிமிடம் அப்படியே விட்டு, நடுவில் இரண்டு மூன்று முறை மெல்லச் சாய்த்து, கடைசியில் ஒருமுறை சுற்றி இறக்குங்கள். வோர்டெக்ஸ் (குழாயை வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கமே போகக் கூடாது. முட்டையின் வெள்ளைக் கருவை அடித்தால் நுரை வருகிறது, அந்த நுரை எவ்வளவு நேரம் வைத்தாலும் திரும்ப வெள்ளைக் கருவாக மாறுவதில்லை. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் பிரிந்து விரிந்துபோவதால்தான் அப்படி. உங்கள் 10 மைக்ரோகிராமுக்கும் அதே கதிதான், அளவு குறைவு என்பதால் நுரை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

இந்தச் சின்ன அளவை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு, கிருமி பயத்தில். வேண்டாம். வடிகட்டியின் சவ்வு புரதத்தை விழுங்கிவிடும். முதலிலேயே கிருமி நீக்கிய திரவத்தை எடுத்து ஹூடுக்குள் வைத்துச் செய்தால் வேலை முடிந்தது.

உடனே பிரித்து வைத்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. புரதம் ஒட்டாத வகைக் குழாய்களில் 10 மைக்ரோலிட்டராக ஒன்பது குழாய். ஏன் பத்து இல்லை என்று கேட்டால், டிப்பிலும் சுவரிலும் போகும் கணக்கு ஒன்று இருக்கிறது, பத்தாவது குழாயில் எப்போதும் ஏழோ எட்டோதான் வரும், அதில் 10 என்று எழுதி வைத்தால் பிறகு யாரோ ஒருவர் அதை நம்பி ஏமாறுவார். 10 மைக்ரோலிட்டருக்குக் கீழே பிரிக்காதீர்கள், அளவு குறையக் குறையச் சுவரின் பரப்பு அதிகமாகிவிடும், ஆவியாவதும் கூடும். மைனஸ் 80-இல் வையுங்கள். மைனஸ் 20 மட்டும்தான் இருக்கிறது என்றால், பனி தானாக உருகும் வகை ஃபிரீசராக இருக்கக் கூடாது. அந்தவகை ஃபிரீசர் பனியை நீக்க அவ்வப்போது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும், உங்கள் புரதம் உறைந்து உருகி உறைந்து உருகிக் கிடக்கும், வெளியே டிஸ்ப்ளேயில் மைனஸ் 20 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை உருக்கிய குழாயைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். 4 டிகிரியில் வைத்து அந்த வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மிச்சத்தைத் தூக்கி எறிய மனசு வராவிட்டாலும்.

குழாயின் மேல் தேதி, செறிவு, லாட் எண் மூன்றும் இருக்க வேண்டும். மூடியில் "ஐஎல்10" என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம், எங்கள் ஃபிரீசரில் அப்படி ஒரு முழுப் பெட்டி அனாதையாக இருந்தது.

நீர்க்கும்போது நடப்பது

கணக்கு எளிது. 10 மைக்ரோலிட்டர் குழாயில் 990 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதில் 40 மைக்ரோலிட்டரை 960-உடன் கலந்தால் 40 நானோகிராம். அதை 96 குழித் தட்டில் நான்கு பங்கில் ஒரு பங்காகச் சேர்த்தால் இறுதியில் 10 நானோகிராம், மோலாரில் சொன்னால் ஒற்றைச் சங்கிலிக் கணக்கில் சுமார் அரை நானோமோலார். இவ்வளவு நீர்த்த நிலையில் வெறும் பிபிஎஸ்-இல் வைத்தால் புரதம் குழாயின் சுவரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே சேமிக்கும் குப்பியைத் தவிர மற்ற எல்லா நீர்த்தலையும் 10 சதவீதம் சீரம் உள்ள வளர்ப்பு ஊடகத்திலேயே செய்யுங்கள். அன்றன்றைக்குத் தயாரித்து அன்றே கொட்டிவிடுங்கள்.

பிஎஸ்ஏ கரைசலில் நீர்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், ஆனால் என் கதையைக் கேளுங்கள். ஆரம்ப காலத்தில் நான் எல்லா நீர்த்தலையும் பிபிஎஸ், பிஎஸ்ஏ கலவையில்தான் செய்தேன், அந்த பிஎஸ்ஏ வெஸ்டர்ன் பிளாட்டுக்காக (புரதத்தைப் பட்டையாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) மேசையில் கிடந்த பெரிய பாட்டில், யார் யாரோ ஸ்பூன் விட்டது. சோதனையில் ஐஎல்-10 போட்ட குழிகளை விடுங்கள், ஒன்றுமே போடாமல் அந்தக் கலவையை மட்டும் ஊற்றிய குழிகளிலேயே டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன், ஐஎல்-10 அடக்க வேண்டியது இதைத்தான்) எகிறி நின்றது. 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ உள்ள கலவையை நான்கில் ஒரு பங்காகச் சேர்த்தால் குழிக்குள் மில்லிலிட்டருக்கு 250 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ போகிறது, நாம் ஆராயும் புரதத்தைப் போல 25 ஆயிரம் மடங்கு. அதில் எவ்வளவு எண்டோடாக்சின் இருந்ததோ யாருக்குத் தெரியும். புரதம் தயாரித்தவர்கள் சுத்தமாகத்தான் கொடுத்தார்கள், நான்தான் அசுத்தம் செய்தேன். இரண்டு மாதம் போனது. அந்தக் கலவை மட்டும் ஊற்றிய குழி இல்லாமல் போயிருந்தால் இரண்டு வருடம் போயிருக்கும்.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க

பெரிய சோதனைக்குப் போகும் முன் சின்னப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். ஐஎல்-10 தன் ஏற்பியில் உட்கார்ந்ததும் ஜேஏகே1, டைக்2 என்ற நொதிகள் வழியாக, செல்லுக்குள் சேதி கடத்தும் ஸ்டாட்3 புரதம் பாஸ்பேட் ஏற்கும், நிமிடக் கணக்கில். மேக்ரோஃபேஜில் 10 நானோகிராம் போட்டு 15 அல்லது 20 நிமிடத்தில் செல்லை உடைத்து, 705-ஆவது டைரோசினில் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்3-க்கு வெஸ்டர்ன் ஓட்டுங்கள், பக்கத்தில் மொத்த ஸ்டாட்3. பட்டை பளிச்சென்று வந்தால் புரதம் உயிரோடு இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எண்டோடாக்சின் இந்தப் பரிசோதனையை ஏமாற்ற முடியாது. எல்பிஎஸ்-உம் கடைசியில் ஸ்டாட்3-ஐத் தூண்டும்தான், ஆனால் முதலில் செல் ஐஎல்-6, ஐஎல்-10 எல்லாம் தானே சுரந்து, அது திரும்ப வந்து ஒட்டி, அப்புறம்தான். 20 நிமிடம் அதற்குப் போதாது.

இனி உண்மையான சோதனை. சி57பிஎல்/6 சுண்டெலியின் தொடை, கால் எலும்புகளிலிருந்து மஜ்ஜையை எடுத்து, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் எம்-சிஎஸ்எஃப் (மேக்ரோஃபேஜ் வளர்ச்சிக் காரணி) அல்லது அதைச் சுரக்கும் எல்929 செல்களின் ஊடகம் 20 சதவீதம் கொடுத்து 7 நாள் வளர்த்தால் மேக்ரோஃபேஜ் கிடைக்கும். செல் வளர்ப்புக்கென்று பூச்சு செய்யாத சாதாரணப் பெட்ரி தட்டில் வளர்த்தால் கடைசி நாளில் குளிர்ந்த பிபிஎஸ், ஈடிடிஏ கலவையில் சுலபமாகப் பெயர்ந்து வரும், சுரண்ட வேண்டியதில்லை. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மஜ்ஜையில் கை வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புதல் கைவசம் இல்லாதவர்கள் ரா 264.7 என்ற சுண்டெலி மேக்ரோஃபேஜ் செல் வரிசையில் தொடங்கலாம்.

தட்டில் குழிக்கு 1 லட்சம் செல், 100 மைக்ரோலிட்டரில். இரவு முழுக்க ஒட்டவிடுங்கள். ஓரக் குழிகளில் செல் வேண்டாம், ஆவியாகும், அங்கே வெறும் பிபிஎஸ் ஊற்றி வையுங்கள். காலையில் 40 நானோகிராமில் தொடங்கி 300 மைக்ரோலிட்டருக்கு 600 ஊடகம் என்று மூன்று மடங்காக நீர்த்துக்கொண்டே போங்கள், 50 மைக்ரோலிட்டர் சேர்த்தால் இறுதி அளவு 10, 3.3, 1.1, 0.37, 0.12, 0.04 நானோகிராம் என்று வரும். ஒரு மணி நேரம் கழித்து எல்பிஎஸ், அதுவும் நான்கு மடங்கில் 50 மைக்ரோலிட்டர், இறுதியில் 10 நானோகிராம். ஒவ்வொரு அளவும் மூன்று குழி. எல்பிஎஸ் மட்டும், ஐஎல்-10 மட்டும், இரண்டும் இல்லாதது, நீர்க்கப் பயன்படுத்திய கலவை மட்டும் என்று நான்கு கட்டுப்பாடுகள் கட்டாயம். கைக்கு அலுப்பாக இருக்கும், ஆனால் எதையும் விட்டுவிடாதீர்கள்.

எல்பிஎஸ் போட்டு 4 முதல் 6 மணி நேரத்தில் மேல்நீரை எடுங்கள், 24 மணி நேரம் விடாதீர்கள். மேக்ரோஃபேஜ் எல்பிஎஸ் கண்டதும் தானே ஐஎல்-10 சுரக்கத் தொடங்கிவிடும், நேரமாக ஆக, நீங்கள் எதுவும் சேர்க்காத குழியிலும் பிரேக் விழுந்துவிடும், வித்தியாசம் மங்கிப்போகும். டிஎன்எஃப் எலைசாவுக்கு மேல்நீரைப் பத்து மடங்கும் இருபது மடங்கும் நீர்த்து இரண்டையும் ஓட்டுங்கள், முதல் தடவை எது வரைகோட்டுக்குள் விழும் என்று சொல்ல முடியாது. வரைபடம் சரிவாக இறங்கி ஓரிடத்தில் படுத்துவிட வேண்டும். டிஎன்எஃப் பூஜ்யத்துக்கு வராது, வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். வந்தால்தான் சந்தேகம், முதலில் செல் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சின்னப் பொறி இங்கே இருக்கிறது. இதே மேல்நீரில் "ஐஎல்-10-உம் அளந்துவிடுவோமே" என்று ஆசை வரும். அளந்தால் நீங்கள் ஊற்றியதையே திரும்ப அளப்பீர்கள். செல் சுரந்த அளவு தெரிய வேண்டுமென்றால் ஆர்என்ஏ-வைப் பாருங்கள்.

நல்ல விடை வந்தாலும் நம்பாதீர்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். மேக்ரோஃபேஜுக்கு முதலில் கொஞ்சமாக எல்பிஎஸ் கொடுத்து, பல மணி நேரம் கழித்துத் திரும்ப நிறையக் கொடுத்தால், இரண்டாவது முறை டிஎன்எஃப் குறைவாகத்தான் சுரக்கும். எண்டோடாக்சின் சகிப்புத்தன்மை என்பார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள், உங்கள் ஐஎல்-10 குப்பியில் எண்டோடாக்சின் கலந்திருக்கிறது, நீங்கள் அதை இரவு முழுக்க செல்லோடு விட்டுக் காலையில் எல்பிஎஸ் கொடுக்கிறீர்கள், டிஎன்எஃப் குறைகிறது. "ஆகா, ஐஎல்-10 அடக்குகிறது" என்று சந்தோஷமாக வரைபடம் போடுவீர்கள். புரதம் செத்துக் கிடந்தாலும் இதே வரைபடம்தான் வரும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை லேபில் கண்ணால் பார்க்கலாம். அதனால்தான் மேலே ஒரு மணி நேர முன்சிகிச்சை என்று சொன்னேன், இரவு முழுக்க வேண்டாம்.

அளவைப் பார்த்தால் எப்போது பயப்பட வேண்டும் என்று தெரியும். எண்டோடாக்சின் 1 யூனிட் என்பது சுமார் 0.1 நானோகிராம் எல்பிஎஸ். மைக்ரோகிராமுக்கு 1 யூனிட் உள்ள குப்பியிலிருந்து 10 நானோகிராம் போட்டால் மில்லிலிட்டருக்கு 1 பிக்கோகிராம் எல்பிஎஸ் போகும், பெரிய விஷயமில்லை. ஆனால் "விளைவு வரவில்லை, கூட்டிப் பார்ப்போம்" என்று 1 மைக்ரோகிராம் வரை ஏற்றினால் 100 பிக்கோகிராம், அதை மேக்ரோஃபேஜ் கண்டுகொள்ளும். விளைவு வராதபோது டோஸைக் கூட்டிக்கொண்டே போவது இந்தத் துறையில் மிக ஆபத்தான பழக்கம் என்பேன்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? மலிவான வழி, கொஞ்சம் ஐஎல்-10-ஐ 95 டிகிரியில் 15 நிமிடம் வேகவைத்து அதையும் ஒரு குழியில் போடுங்கள். புரதம் செத்துவிடும், எல்பிஎஸ் சூட்டுக்கு அசையாது. வேகவைத்ததும் அதே விளைவைத் தந்தால் அது ஐஎல்-10-இன் வேலை இல்லை. பாலிமிக்சின் பி சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள், அது எல்பிஎஸ்-இன் லிப்பிட் ஏ பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நம் சோதனையில் தூண்டுவதற்கே எல்பிஎஸ்தானே போடுகிறோம், பாலிமிக்சின் அதையும் பிடித்துவிடும், டிஎன்எஃப் எல்லாக் குழியிலும் விழும், நீங்கள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். பாலிமிக்சின் போட வேண்டுமென்றால் தூண்டுவதற்கு எல்பிஎஸ்-ஐ விட்டு டிஎல்ஆர்2 என்ற வேறு ஏற்பியைத் தூண்டும் பாம்3சிஎஸ்கே4 மாதிரி வேறொன்றுக்கு மாறுங்கள். காசு இருந்தால் சிறந்த வழி, சுண்டெலி ஐஎல்-10 ஏற்பியை மறிக்கும் 1பி1.3ஏ ஆன்டிபாடி. அதைப் போட்டதும் அடக்கம் நீங்கி டிஎன்எஃப் மேலே ஏறினால் விளைவு ஐஎல்-10-உடையதுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், செல் தானே சுரக்கும் ஐஎல்-10-உம் அதோடு மறிக்கப்படும், எனவே எல்பிஎஸ்-உம் ஆன்டிபாடியும் மட்டும் உள்ள குழி பக்கத்தில் இருக்க வேண்டும், ஐசோடைப் கட்டுப்பாடும் (அதே வகை, ஆனால் எதையும் குறிவைக்காத ஆன்டிபாடி).

விளைவே வரவில்லையென்றால் வரிசையாக இப்படித் தேடுங்கள். ஸ்டாட்3 பட்டை வந்ததா? வரவில்லையென்றால் புரதம் போய்விட்டது, கரைத்த நாளின் நோட்டைப் புரட்டுங்கள். பட்டை வந்து டிஎன்எஃப் மட்டும் குறையவில்லையென்றால் எல்பிஎஸ் அதிகமாக இருக்கலாம், 100 நானோகிராமிலும் அதற்கு மேலும் பழகியவர்கள் 10-க்கோ 1-க்கோ இறங்கிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் செல் ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், எதுவும் போடாத குழியில் டிஎன்எஃப் இருந்தால் உங்கள் சீரமோ ஊடகமோ சுத்தமில்லை, மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் ஒளிந்து தொற்றும் நுண்ணுயிரி) சோதனையும் அன்றே செய்துவிடுங்கள்.

கடைசியாக லாட் மாறும் நாள். பழைய லாட்டின் கடைசிக் குழாய் தீர்ந்த பிறகு புதியதைத் திறக்காதீர்கள். பழையதில் இரண்டு குழாய் எஞ்சியிருக்கும்போதே புதிய குப்பியைக் கரைத்து, ஒரே தட்டில், ஒரே நாளில், ஒரே சுண்டெலியின் செல்லில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். வளைவு இடமோ வலமோ நகர்ந்திருந்தால் எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதை நோட்டில் லாட் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஃபிரீசர் கதவில் ஒட்டிவிடுங்கள், உங்களுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பவர் நோட்டைத் தேட மாட்டார்.